எந்தப் படிக்கட்டு

அந்த அக்டோபரில் எங்கள் கிளினிக்கில் எல்லோரும் வான்கோழியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நோய்களுக்கும் காயங்களுக்கும் நாடு முழுக்கப் புதுக் குறியீடுகள் வந்திருந்தன. பழைய புத்தகத்தில் ஒரு காயத்துக்கு ஒரு எண் போட்டால் முடிந்தது. புதியதில் எந்தக் கை, எந்த விரல், எங்கே வைத்து, எப்படி, முதல் தடவை காட்ட வந்ததா மறுபடி வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்தும் எண்ணும். வான்கோழி கொத்தினால் ஒன்று, வான்கோழி வந்து மோதினால் வேறொன்று. வெர்லீன் அதை வாசித்துக் காட்டியபோது டாக்டர் வாசிங்கர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல வான்கோழிகிட்ட அடி வாங்கிட்டு ஒருத்தனும் என்கிட்ட வரல. வாங்கியிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு வேற ஊரு டாக்டர்கிட்ட போயிருப்பான்."

நான் அங்கே நர்ஸ். வெர்லீன் லைக்கர் பின்னறையில் இருப்பாள். டாக்டர் எழுதுவதைப் படித்து, அதற்கான குறியீட்டைப் போட்டு, காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்புவது அவள் வேலை. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். எங்கள் ஊர் ஓபர்டாலில் தானியக் கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். பழைய எண்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சர்ச்சில் யாராவது இருமினால்கூட அதன் எண் தனக்கு மனதில் ஓடும் என்பாள். புதிய முறைக்காக விச்சிட்டா நகரத்துக்குப் போய்ப் பாடம் கேட்டுவிட்டு, தலையணை அளவு புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

எங்கள் கிளினிக்கை அதற்கு முந்தைய வருஷம் விச்சிட்டாவில் இருக்கும் ஒரு பெரிய குழுமம் வாங்கியிருந்தது. அவர்கள் அனுப்பிய கம்ப்யூட்டரில் பாதி விவரத்தோடு எதையும் முடிக்க முடியாது. எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து நிற்கும். முடியாத கணக்கெல்லாம் விச்சிட்டாவில் இருக்கும் மேலாளர் மிஸஸ் கார்வரின் திரையில் தெரியும். அவள் உடனே போன் செய்வாள். டாக்டரோ இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதிப் பழகாதவர். 'முழங்கால் வலி' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வெர்லீன் வாசலில் வந்து நின்று, "எந்தப் பக்கம், டாக்டர்?" என்பாள். கொஞ்ச நாளில் அது எங்களுக்குக் கேலியாகிவிட்டது. யாராவது சாண்ட்விச்சைப் பாதியாக வெட்டினால், எந்தப் பக்கம் என்று கேட்போம். வெர்லீனும் சிரிப்பாள்.

முதல் உறைபனி விழுந்த வாரத்தில் ஜனெல் வந்தாள்.

ஜனெல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். வெர்லீனுடைய தம்பி டெல்மரின் மனைவி. டெல்மரைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்யும் ஒரு கூட்டத்துக்குத் தலைவன் அவன். வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்கு மைக்கில் பேசுவது அவன்தான். அவன் குரலைக் கேட்கவே ஆட்டத்துக்கு வருகிற கிழவர்கள் உண்டு. பனி அடைத்தால் கேட்காமலே வந்து நம் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போவான். ஊருக்குத் தெற்கே இருக்கும் லைக்கர் குடும்பத்து வீட்டில் அவனும் ஜனெலும் இருந்தார்கள். கூடவே டெல்மருக்கும் வெர்லீனுக்கும் அம்மாவான அல்வினா. அல்வினாவுக்கு ஞாபகம் போய்விட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மறந்து வெளியே நடந்தால் தேடிக் கூட்டிவருவது எல்லாம் ஜனெல்தான். வெர்லீன் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அன்று ஜனெலின் இடது மணிக்கட்டு வீங்கி ஊதா நிறமாக இருந்தது. படம் எடுத்ததில் எலும்பு முறிந்திருந்தது. பீட்ரூட் ஊறுகாய் ஜாடி எடுக்க நிலவறைக்கு இறங்கியபோது படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். டாக்டர் கட்டுப் போட்டார். 'வீட்டில், நிலவறைப் படிக்கட்டில் விழுந்து, இடது மணிக்கட்டு முறிவு' என்று முழுசாக எழுதினார். எழுதிவிட்டு, "இன்னிக்கு வெர்லீன் என்னைத் திட்ட முடியாது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

பிற்பகலில் பின்னறைக்குப் போனபோது வெர்லீன் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"ரோசெல், அந்த வீட்ல நிலவறை கிடையாது."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். டெல்மர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நிலவறையில் தண்ணீர் ஊற ஆரம்பித்ததாம். அப்பா மண்ணைப் போட்டு மூடி மேலே பலகை அடித்துவிட்டார். மண் தள்ளிய வண்டிகளில் ஒன்றை இவளே தள்ளியிருக்கிறாள். வீடு ஒரே மட்டம். வாசலில் ஏறுவதற்கு ஒரு கல், அவ்வளவுதான்.

ஜனெல் அதற்கு முன்னும் வந்திருக்கிறாள். ஒரு தடவை தோளில், ஒரு தடவை விலாவில், ஒரு தடவை காதுக்குப் பின்னால். கன்றிப்போன காயம், குறிப்பாகச் சொல்லப்படாதது என்று ஒரு பழைய எண் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வெர்லீன் அதையே போட்டிருக்கிறாள்.

"பழைய புத்தகம் எதையும் கேக்காது. நானும் கேட்டுக்கல" என்றாள். திரையில் சிவப்புக் கட்டம் எந்தப் படிக்கட்டு, வீட்டில் எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு நின்றது.

இருவரும் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தனக்கும் சந்தேகம் உண்டு என்றும், ஜனெலைத் தனியாக வைத்துக் கேட்டதற்கு அவள் இல்லை என்றே சொன்னாள் என்றும் சொன்னார். அவள் வாயால் சொல்லாததை நடந்ததென்று அவர் எழுத முடியாது. வீட்டில் யாரோ அடித்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கும் புதுப் புத்தகத்தில் ஒரு குறியீடு இருந்தது. ஆனால் காப்பீடு டெல்மரின் வேலையில் வருவது. காயம் என்று எது போனாலும், எப்படி ஆயிற்று என்று கேட்டுக் கம்பெனிக் கடிதம் அவன் பெயருக்குத்தான் வரும். தபால்பெட்டியைத் திறப்பதும் அவன். அதற்குப் பயந்து படிக்கட்டு என்று போட்டாலோ, நாளைக்கு ஜனெல் நீதிபதி முன்னால் நிற்கும்போது அவள் வாயை அடைக்க அந்த ஒரு வரி போதும்.

"பழையபடி ஒண்ணும் சொல்லாம விட்டுடலாமே" என்றாள் வெர்லீன்.

"விடுமா அந்த கம்ப்யூட்டரு?" என்றார் டாக்டர்.

விடாது. அது எங்கள் மூவருக்கும் தெரியும். தன் குடும்பத்து ஆள் என்பதால் வேறு யாரிடமாவது கொடுக்கும்படி வெர்லீன் மிஸஸ் கார்வரைக் கேட்டுப் பார்த்தாள். டாக்டர் எழுதியதை அப்படியே போடுவதற்கு யாராக இருந்தால் என்ன என்று பதில் வந்தது. வெர்லீன் போடவில்லை. மற்றக் கணக்குகளையெல்லாம் முடித்துவிட்டு அதை மட்டும் திறந்து வைத்திருந்தாள். காலையில் வந்ததும் அதைப் பார்ப்பாள். மாலையில் போகும்முன் மறுபடி பார்ப்பாள். எந்தப் பக்கம் என்ற கேலியை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

கடைசியில் அவள் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனாள். வேலை போகக்கூடிய காரியம். கிளினிக்கில் படித்ததை வெளியே பேசக் கூடாது. அங்கே நடந்ததைப் பின்னால் என்னிடம் சொன்னாள். ஜனெல் கட்டுப்போட்ட கையை வயிற்றோடு அணைத்தபடி, ஒற்றைக் கையால் இறைச்சி ரொட்டிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாளாம்.

"நீ எதுக்கு வந்தேன்னு தெரியும். முந்தி என்ன எழுதினியோ அதையே எழுது" என்றாள் ஜனெல்.

"முந்தி எழுதினது இப்ப செல்லாது. எங்கே, எப்படின்னு கேக்குது."

"அப்போ படின்னே எழுது."

"படி இல்லியே, ஜனெல்."

"அது உனக்குத் தெரியும். விச்சிட்டால இருக்கறவளுக்குத் தெரியுமா?"

வெர்லீன் அவளைத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். இன்றைக்கே, இப்படியே. ஜனெல் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"வந்துட்டா உங்கம்மாவ யாரு பாத்துக்குவா? நீயா?"

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்றாள் வெர்லீன். அம்மாவை ஜனெலிடம் விட்டுவிட்டு இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்பது அந்தச் சமையலறையில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது.

அந்த வாரமே மிஸஸ் கார்வர் பொறுமை இழந்தாள். விச்சிட்டாவில் இருந்தபடியே கணக்கைத் திறந்து, படிக்கட்டு, தனி வீடு என்று தானே போட்டு முடித்துவிட்டாள். பிறகு போனில் கூப்பிட்டு, இதற்கா இத்தனை நாள் என்று நல்லபடியாகவே கேட்டாள். வெர்லீனின் திரையில் சிவப்பே இல்லை.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் பண்டிகைக்கு முன்னால் டெல்மர் கிளினிக்குக்கு வந்தான். எங்களுக்கென்று புகைபோட்ட சாசேஜ் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். "ரோசெல், உன் ஊசிக்குப் பயந்து எங்க கிணத்துப் பசங்க விரல் போனாக்கூட வீட்லயே ஒட்டவச்சுக்கறாங்க" என்றான். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்படியே பின்னறைக்குப் போனான். கதவு திறந்துதான் இருந்தது. நான் நடையில் மருந்து அலமாரிக்கு எதிரில் நின்றேன்.

அவன் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தான்.

"என் பொண்டாட்டி படியில விழுந்தாளாம். எப்படி விழுந்தா, யாரோட தப்புன்னு இன்சூரன்ஸ்காரன் கேக்கறான். நீதான் இதுல கெட்டிக்காரி. நீயே எழுதிக் குடு."

வெர்லீன் கடிதத்தைத் தொடவில்லை.

"நம்ம வீட்ல படி இல்ல, டெல்மர்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். "இருக்குன்னு ஜனெல் சொல்றா. டாக்டர் எழுதியிருக்காரு. கம்ப்யூட்டர் சொல்லுது. நீ ஒருத்திதான் இல்லைங்கற."

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உனக்கு எங்க வீட்டு மேல திடீர்னு இவ்வளவு அக்கறைன்னா அம்மாவக் கூட்டிட்டுப் போயேன். உன் எலிப்பொறில வச்சுக் காப்பாத்து. முடியுமா உன்னால? ஒரு வாரம்?"

எழுந்து அவள் தோளில் தட்டிவிட்டு வெளியே வந்தான். போகும்போது என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான்.

கேலியாக அவன் விட்ட வார்த்தையை வெர்லீன் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை என் பிக்கப் வண்டியை எடுக்கச் சொன்னாள். நாங்கள் போய் நின்றபோது டெல்மர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவாள் என்ற நினைப்பு. தானே சொன்னதை மறுக்கவும் வழியில்லை. அம்மாவின் சாய்வு நாற்காலியை அவனே தூக்கி வண்டியில் வைத்தான். ஜனெல் ஒற்றைக் கையால் அல்வினாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் போட்டாள். எந்த மாத்திரை எப்போது, சூப் எந்தச் சூட்டில் என்றெல்லாம் வெர்லீனிடம் சொன்னாள். நான் அவள் முகத்தில் ஒரு நிம்மதியையாவது எதிர்பார்த்தேன். வண்டியைக் கிளப்பும்போது அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"கிழவி இருந்தா பக்கத்து அறையில ஒரு ஆளு இருக்குன்னு கொஞ்சமாவது யோசிப்பான். இனிமே நானும் அவனும்தான். இதை நெனச்சியா நீ?"

வெர்லீன் நினைத்திருக்கவில்லை. வழி முழுக்க அல்வினா ஜெர்மன் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு வெர்லீனால் கிளினிக்குக்கு வர முடியவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று மிஸஸ் கார்வர் சொன்னாள். அவளுக்கு அது வசதியாகவும் போயிற்று. குழுமத்தில் வேறு மூன்று கிளினிக்குகளின் கணக்கையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். சமையலறை மேசையில் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் புத்தகம், எதிரில் அல்வினா. அல்வினா கிடைத்த கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கிவிடுவாள். அதனால் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தாள் வெர்லீன். போன் அடிக்கும்போதெல்லாம் வெர்லீன் திடுக்கிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தெற்கு வீட்டிலிருந்து என்ன செய்தி வரப்போகிறதோ என்று. தான் செய்தது உதவியா, ஜனெலை இன்னும் ஆபத்துக்குள் தள்ளியதா என்று என்னைக் கேட்டாள்.

ஜனவரி முடிகிற சமயம் ஜனெல் கையைக் காட்ட வந்தாள். கட்டுப் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துவிட்டு, எத்தனையோ தடவை கேட்டதை மறுபடி கேட்டார். எப்படி ஆச்சு, ஜனெல்?

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சமையலறையில. சாமான் அறைக் கதவு. என் கைய நிலையில வச்சு அழுத்திக்கிட்டுக் கதவச் சாத்தினான். இடது கை. என் புருஷன், டெல்மர் லைக்கர். போதுமா? இன்னும் எதாவது கேக்குமா உங்க மெஷினு?"

"போதும்மா" என்றார் டாக்டர். இரண்டு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தானே தட்டினார். முன்னால் எழுதியது தவறு என்றும் சேர்த்து எழுதினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காயம்பட்டவளே தனக்கு ஆபத்து என்று சொல்லிக் கேட்டால் காப்பீட்டுக் கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பியாக வேண்டும் என்று விதி உண்டு. ஜனெல் எப்போது வந்தாலும் அதைக் கேட்டு வாங்கும்படி வெர்லீன் என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். ஜனெல் சலைனாவில் இருக்கும் தன் அத்தை மகளின் முகவரியைக் கொடுத்தாள்.

இன்று ஏன் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கோட்டைப் போட்டுவிடும்போது அவளே சொன்னாள்.

"அல்வினா இருந்தவரைக்கும் சாயங்காலமானா அவளுக்குச் சூப் வைக்கணுமேன்னு வீட்டுக்குப் போவேன். இப்ப கார்ல உக்காந்தா எதுக்குப் போறோம்னே தெரியல."

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வாசலிலிருந்தே காரை சலைனா ரோட்டில் திருப்பினாள். சமையலறைச் செருப்போடு, மாற்றுத்துணிகூட இல்லாமல்.

அந்தக் கணக்கை வெர்லீன் தன் வீட்டு மேசையில் வைத்து முடித்தாள். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது என்றாள். எலும்புக்கு, பக்கத்துக்கு, சமையலறைக்கு, கணவனுக்கு, சந்தேகம் இல்லை, உறுதி என்பதற்கு, மறுபடி காட்ட வந்தது என்பதற்கு. ஒரு தொண்டை வலிக்கு ஆகிற நேரம்கூட ஆகவில்லையாம். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, டெல்மர் எப்போது வருவான் என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

வழக்கு நடந்தது. ஜனெல் பக்கமே அவன் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. சிறிய குற்றமாக ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகாமல் தப்பினான். அடுத்த சீசனிலும் வெள்ளிக்கிழமை மைக்கில் அவன் குரல்தான் கேட்டது. சொந்தத் தம்பியின் குடும்பத்தை உடைத்தவள் என்று சர்ச்சில் வெர்லீனுக்குப் பக்கத்தில் உட்காருவதைச் சிலர் விட்டார்கள். அவளே போவதை நிறுத்திவிட்டாள், கிழவியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. டெல்மர் ஒரு நாள்கூட அம்மாவைப் பார்க்க வரவில்லை. ஜனெல் சலைனாவில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் சேர்ந்தாள். விரல்கள் சரியாகவில்லை. எப்போதாவது வெர்லீனுக்குப் போன் செய்து, அல்வினா சாப்பிடுகிறாளா என்று விசாரிப்பாள். வேறு எதுவும் பேச மாட்டாள்.

போன சனிக்கிழமை நான் போயிருந்தேன். அல்வினா கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜனெல், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று வெர்லீனைப் பார்த்துச் சொன்னாள்.

"கொஞ்ச நேரத்துல போகலாம்மா" என்றாள் வெர்லீன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். தான் ஜனெல் இல்லை என்று சொல்வதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

நான் கோட்டைக் கழற்றியதும், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா, ரோடு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். தாராளமாகப் போய்வா என்றேன். அவள் போனதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெர்லீன் தன் கார் வரைக்கும் போய் அதன் கூரையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ரோட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

"காத்து அதிகமா இருக்கு" என்றாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.